நடுநாற்காலிப் பரணி

வாழ்க செவிச்செல்வன்! வாழ்க அவன் இடக்காது, வாழ்க அதனினும் ஒரு மாற்று உயர்ந்த வலக்காது! ஊராரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்த்தி, தலையில் கேள்பொறி பூட்டி, சத்தம் கேட்டதும் கையைத் தூக்குமாறு ஆணையிட்டு, தூக்காதார்க்குக் கருவி பொருத்தி அனுப்பிவைக்கும் காதுப் பரிசோதனை நிலையத்தின் தனிப்பெருந் தலைவனே! கரிய ஜாஸ் இசைத்தட்டின் மயிரிழைப் பள்ளத்துள் பதுங்கிய இருமலை இருமல் என்றும், செருமலைச் செருமல் என்றும் பிரித்தறியும் பேராற்றலனே! மறுபதிப்பின் மணம் பிடிக்கும் மூக்கனே! உன் வெற்றியைப் பாடப் புகுந்தோம். பிழை இருப்பின் பொறுத்தருள்வாயாக. இருக்கும்.

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாட வேண்டும் என்பது பழைய இலக்கணம். இந்தக் கதையில் யானை இல்லை. ஒரு கரண்டி இருக்கிறது. அது கரண்டிதானா என்பதும் உறுதியில்லை. போர் மூண்டதே அதனால்தான்.

காவியம் என்றால் முதலில் நாட்டைப் பாட வேண்டும். நாடு பெரிது, நம் கதை அந்த அளவுக்குப் போகவில்லை. எனவே கூடத்தைப் பாடுவோம். செவிச்செல்வனின் வீட்டுக் கூடம் கிழக்கே ஒரு சன்னலையும் மேற்கே ஓர் இசைத்தட்டுச் சுவரையும் எல்லையாகக் கொண்டது. அச்சுவரில் தட்டுகள் பாடியோர் பெயர் வரிசையில் நில்லா; வெளியிட்ட நிறுவனங்களின் வரிசையில், முதுகு நிறம் மாறாமல், அணிவகுத்த காலாட்படைபோல் நிற்கும். ஒன்றை உருவினால் இரண்டு சாயும். வடபால் இரட்டை மலைபோல் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரு காலத்தில் அங்கே சோபா ஒன்று இருந்ததென்றும், வலப்பக்க மலை எழுந்தபோது அது விற்கப்பட்டதென்றும் வரலாறு கூறும். அந்த மலைகள் இரண்டிலிருந்தும் சரிசமத் தொலைவில், தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்ட நான்கு கால்தடங்களின் மேல், அசையாமல், அசைக்கப்படாமல், வீற்றிருந்தது நடுநாற்காலி.

அதில் அமர்ந்தவனுக்கே சாக்ஸபோன் நேர் எதிரே நின்று ஊதும். பேஸ் என்னும் பெருநரம்புக் கருவி சற்று இடப்புறம் தள்ளி உறுமும். டிரம்ஸ் வலக்காதின் ஓரத்தில் மழையாய்த் தூறும். ஒரு முழம் தள்ளி முக்காலியில் அமர்ந்தவனுக்கோ டிரம்ஸ் மட்டுமே. அதுவும் மழையாக அன்று, கல்லாக. ஆதலின் அந்நாற்காலியைச் சிம்மாசனம் என்றால் மிகையாகாது. கொஞ்சம் ஆகும், மெத்தையின் ஓரம் கிழிந்திருந்தது.

இனி எதிர்நின்ற வீரனைக் கூறுவோம். அவன் மாடிவீட்டுக்காரன், செவிச்செல்வனின் மனைவிக்கு அண்ணன், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசான். பிறர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வலக்காலை எப்போதும் பிரேக்கின் மேல் வைத்தே பழகியதால், கூடத்தில் டிரம்ஸ் வேகமெடுக்கும் போதெல்லாம் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை ஓங்கி மிதிப்பான். 'கிளட்ச்' என்பது அவன் மாணவர் சூட்டிய பட்டப்பெயர். ஆம்ப்ளிஃபையர் அவனுடையது, ஸ்பீக்கர்கள் செவிச்செல்வனுடையவை. அது இல்லாமல் இவை ஊமை, இவை இல்லாமல் அது வெறும் வெந்நீர்ப் பெட்டி. எனவே கூட்டணி பிரியாது. நாற்காலியில் ஒருநாள் ஒருவன், மறுநாள் மற்றவன் என்பது அவர்களுக்குள் உடன்படிக்கை.

இவ்விருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே விளித்தனர். உலகப் போர்கள் எதிலும் இரு தரப்புக்கும் ஒரே பெயர் இருந்ததில்லை என்பதால், மாடிப்படியில் நின்று கேட்டோருக்கு யார் யாரைத் திட்டுகிறார் என்பது கடைசிவரை விளங்கியதில்லை.

போரின் வித்து 'ஈரக்குடை' என்னும் தட்டு. மழைபெய்த ஒரு மாலையில், சிறிய அரங்கொன்றில், மூவர் வாசித்ததை நேரடியாகப் பதிந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் மற்ற இருவரும் ஓய, பேஸ்காரன் தனித்து நடக்கும் நெடும்பொழுது ஒன்றுண்டு. அரங்கம் மூச்சடக்கும். விரல் நரம்பை விட்டு எழுவதும் கேட்கும். அப்போது, அந்தப் பெருமௌனத்தின் நட்டநடுவில், கூட்டத்தில் யாரோ எதையோ கீழே போட்டார்.

டிங்.

அவ்வளவுதான். வாசித்தவன் நிறுத்தவில்லை, கேட்டவர்கள் சலசலக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றை டிங், பல ஆண்டு கடந்து, கடல் கடந்து, இந்தக் கூடத்தில் வந்து விழுந்து, ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது.

"கரண்டி," என்றான் செவிச்செல்வன், முதல்முறை கேட்டவுடனே. "காப்பி கலக்கிட்டிருந்தவன், வாசிப்புல சொக்கிப்போய்க் கைய விட்டுட்டான்."

"சாவி மச்சான்," என்றான் கிளட்ச். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சாவிச் சத்தத்துலயே குடித்தனம் நடத்துறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சாவின்னா கொத்தா இருக்கும். பின்னாடியே சலங்கை மாதிரி ரெண்டாவது சத்தம் வரும். வரல பாரு."

"ஒத்தச் சாவி. வாடகை ரூம்புல தனியா இருக்கிற ஆளு."

"அந்த ஆள நீ பாத்தியா?"

"மழையில நனைஞ்சு தனியா ஜாஸ் கேக்க வர்றவன் வேற எப்படி மச்சான் இருப்பான்?"

விடையில்லாத வாதம் முடிவதில்லை. இருவரும் நாள்தோறும் ஊசியைத் தூக்கி அவ்விடத்திலேயே வைத்தனர், டிங் ஒலித்ததும் எடுத்தனர், மீண்டும் வைத்தனர். கரண்டி என்றனர், சாவி என்றனர். ஊசி உழுத பள்ளம் அவ்விடத்தில் மட்டும் தேய்ந்தது. டிங் முதலில் கரகரத்தது; பிறகு இருமியது; பிறகு வாணலியில் எதையோ போட்டதுபோல் பொரியத் தொடங்கியது. நீதி கேட்டு வந்தவர்களே சாட்சியின் குரல்வளையை நெரித்துவிட்ட விந்தையை என்னென்று பாடுவோம்!

இவ்வாறு தடயம் அழிந்து இரு தரப்பும் சோர்ந்திருந்த காலையில், அந்தத் தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் செய்திமடல் வந்தது. செவிச்செல்வன் அதைப் பரிசோதனை நிலையத்தில் படித்தான். கூண்டுக்குள் ஒரு பெரியவர் சத்தம் கேட்டதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கியபடி நெடுநேரம் காத்திருந்தார். கிளட்ச் அதைப் பயிற்சி வண்டியில் படித்தான். அவன் மாணவி இரண்டு வண்டிகளுக்கான இடத்தில் ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்தி, "சார், சரியா?" என்றாள். "அற்புதம்!" என்றான் அவன், மடலைப் பார்த்து.

மடல் இயம்பியது இது: 'ஈரக்குடை. மூல ஒலிநாடாவிலிருந்து, முழுமையாகத் தூய்மையாக்கப்பட்ட புதிய பதிப்பு. பிரதிகள் குறைவு.'

தூய்மை! அச்சொல் ஒன்றே, அது விழுந்த காதுகள் இரண்டு. கரண்டி இனிக் கழுவித் துலக்கி, வெயிலில் வைத்த வெள்ளிபோல் மின்னி வரும் என்று மகிழ்ந்தான் செவிச்செல்வன். சாவி இனித் துரு நீங்கி, எண்ணெய் பூசி, பூட்டிலிட்டால் திரும்பும் பதத்தில் வரும் என்று மகிழ்ந்தான் கிளட்ச். அச்சொல்லுக்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் இருக்கலாம் என்பது இருவர் நெஞ்சிலும் எழவில்லை.

அன்று மாலை கூடத்தில், இரட்டை மலைகளைச் சாட்சி வைத்து, இருவரும் சூளுரைத்தனர்.

"கரண்டின்னு தெரிஞ்சுபோச்சுன்னா நாற்காலி எனக்கு. வாழ்நாள் முழுக்க."

"சாவின்னு தெரிஞ்சா எனக்கு. நீ முக்காலியில உக்காந்து டிரம்ஸ் மட்டும் கேளு."

"சம்மதம்."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் அதுல உக்காரக் கூடாது."

"நானே உக்கார மாட்டேன் மச்சான், போதுமா!"

இந்நேரம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள் ஒருத்தியாய் நின்றே இருவருக்கும் உரியவள். ஒருவனுக்கு மனைவி, மற்றவனுக்குத் தங்கை. மருந்துக் கடையில் காலைமுதல் முகப்பு மேசைக்குப் பின்னால் நின்று, சீட்டுப் படித்து, அலமாரி ஏறி இறங்கி, 'சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா' என்ற கேள்விக்கு நாள்முழுதும் விடை சொல்லி மீண்டவள். கைப்பையை மாட்டியபடியே கூடத்தைப் பார்த்தாள்.

"அதுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா?"

"நகந்துடும்!" என்று முழங்கினர் இருவரும்.

பகைவர் இருவர் ஒரே சொல்லை ஒரே நொடியில் உரைத்தது இப்போரில் இந்த ஓரிடத்தில்தான். அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தாள்.

தட்டு விற்பனைக்கு வரும் நாள் புலர்ந்தது. தோற்கப் போகிறவன் முந்திக்கொண்டு வாங்கித் தட்டையே ஒளித்துவிடுவான் என்று செவிச்செல்வன் ஐயுற்றான். கிளட்சும் அவ்வாறே ஐயுற்றான். ஆகவே முன்னவன் முடிவெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். பின்னவன் டயருக்குக் காற்றடிக்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டான். முன்னவன் தலையில் வெட்ட அதிகமில்லை. பின்னவன் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. இருவரும் இசைத்தட்டுக் கடை வாசலில், ஒரே கதவின் ஒரே பிடியில் கைவைத்துச் சந்தித்தனர்.

"காத்து இங்கதான் அடிக்கிறாங்களா மச்சான்?"

"முடி இங்கதான் வெட்டுறாங்களா மச்சான்?"

இருவரும் ஒருசேரப் பக்கவாட்டில் நுழைய, கதவு ஒரு கணம் அவர்களைக் கவ்விப் பிடித்துப் பின் துப்பியது. வில்லினின்று விடுபட்ட கணைகளென, அல்லது நெரிசலான பேருந்தினின்று இறங்கியவர்களென (இரண்டாவதே பொருத்தம்), மரப்பெட்டிகளுக்கிடையே பாய்ந்தனர். புதுவரவுப் பலகையில் தனித்து நின்றது 'ஈரக்குடை'. அதன் உறையின் இடமூலையைச் செவிச்செல்வனும் வலமூலையைக் கிளட்சும் ஒரே நேரத்தில் பற்றினர். அவன் இழுக்க இவன் செல்ல, இவன் இழுக்க அவன் செல்ல, கடைக்குள் அவர்கள் சுழன்றதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் தம் கையிலிருந்த தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"கிழிஞ்சா ரெண்டு பேரும் வாங்கணும். ஆனா ஒண்ணுதான் வந்திருக்கு. என்ன செய்யலாம், சொல்லுங்க?"

பேரறம் உரைத்த அந்நாவின் முன் வாள்கள் தாழ்ந்தன. இருவரும் பங்கு போட்டு வாங்கினர். அவள் தட்டைப் பையிலிட்டு நீட்டினாள். பைக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஆளுக்கொன்றைப் பற்றிக்கொண்டனர்.

அவ்வாறு தொடங்கிய திரும்புபயணத்தை எந்த உவமையால் சொல்வது? பல்லக்குத் தூக்குவோர் என்றால் பல்லக்கு இல்லை. ஏர் பூட்டிய காளைகள் என்றால் இருவரும் ஒரே திசையில் இழுக்கவில்லை. நெட்டையனும் குட்டையனுமாதலால் பை சாய்ந்தே வந்தது. சாலை கடக்கையில் ஒருவன் நின்றான், மற்றவன் நடந்தான். அப்போதுதான், நடைபாதையின் நடுவில், ஊழ்போல் எழுந்து நின்றது ஒரு மின்கம்பம். இவன் இடப்புறம் போனான். அவன் வலப்புறம் போனான். பை கம்பத்தில் வந்து முட்டி நின்றது.

"நீ சுத்தி வா மச்சான்."

"நீ கைய விடு, நான் வர்றேன்."

"விட்டா ஓடிடுவ."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்கடா ஓடுறது?"

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த ஒரு பெண், பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் வழி விடுங்களேன்," என்றாள். கம்பத்தை இருவரும் பார்த்தனர். பிறகு, ஒருவரும் தோற்காத வகையில், இருவருமே பின்னோக்கி நடந்து, பக்கம் மாறி, ஒரே புறமாக வந்தனர். போர்நூல்கள் இதனை வியூகம் என்னும்.

கூடம் அடைந்தனர். இசைத்தட்டுச் சுவர் மூச்சடக்கியது. கிளட்ச் ஆம்ப்ளிஃபையரை உயிர்ப்பித்தான். செவிச்செல்வன் உறை பிரித்து, விளிம்பில் மட்டும் விரல் பட, தட்டை ஏந்தி, சுழலும் பீடத்தில் கிடத்தினான். ஊசியை இறக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு சிறுபோர் மூண்டு, ஊசிக்காம்பின் நுனியை இருவிரல்கள் சேர்ந்து பற்றி இறக்குவதென முடிந்தது. நடுநாற்காலி வெறுமையாய் நிற்க, அதன் இருமருங்கும் தரையில் மண்டியிட்டு அமர்ந்தனர் இருவரும். கண்களை மூடினர்.

மழை கேட்டது. சாக்ஸபோன் ஓய்ந்தது. டிரம்ஸ் அடங்கியது. பேஸ்காரன் தனியே நடக்கத் தொடங்கினான். ஒருவன் நெஞ்சில் வெள்ளிக் கரண்டி ஒன்று மேசையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. மற்றவன் நெஞ்சில் ஒற்றைச் சாவி ஒன்று நனைந்த விரல்களினின்று வழுக்கியது. இதோ. இதோ இதோ.

டிங்!

ஆகா, என்ன தெளிவு! என்ன அருகாமை! அரங்கமே கூடத்துக்குள் வந்து அமர்ந்ததுபோல் முதுகுக்குப் பின்னாலேயே ஒலித்ததே!

"கரண்டி!" என்று வானதிரத் துள்ளி எழுந்தான் செவிச்செல்வன். "கேட்டியா! கழுவித் துலக்கின கரண்டி! காதுக்குன்னே படிச்சவன்டா நான்!"

"சாவிடா மச்சான், சாவி! துரு போன சாவி! எழுந்திரு, முக்காலி அங்க இருக்கு!"

"டப்பா மூடி," என்றது ஒரு குரல்.

திரும்பினர். வாசலில் நின்றாள் அவள். கைப்பை தோளில், சாப்பாட்டு டப்பா கையில், அதன் எவர்சில்வர் மூடி தரையில், இன்னும் சுழன்று அடங்கிக்கொண்டிருந்தது.

"கழண்டு விழுந்துடுச்சு. அதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க? கீழ வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாக்குறாங்க."

உலகின் தலைசிறந்த வலக்காது அக்கணம் சிவந்தது. கிளட்சின் கால், இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்தது. ஆயினும் வீரர்கள் தளரார். மூடி அடங்கும்வரை காத்திருந்து, விரல்கள் இரண்டும் மீண்டும் ஊசியைப் பற்றின. மழை. பேஸ். நடை. மௌனம்.

மௌனம்.

பிறகு சாக்ஸபோன் வந்துவிட்டது.

மீண்டும் வைத்தனர். டிங் இருந்த இடம் மழித்த கன்னம்போல் வழவழத்திருந்தது. நான்காம்முறை வைக்க ஊசியைத் தூக்குமுன் கிளட்ச் உறையின் பின்புறத்தை வெளிச்சத்தில் திருப்பி, பொடியெழுத்தில் கடைசி வரியைப் படித்தான்.

"'அரங்கத்தில் எழுந்த தேவையற்ற ஓசைகள் அனைத்தும் நீக்கித் தூய்மையாக்கப்பட்டது.' மச்சான்... கழுவலடா. கழுவி ஊத்திட்டாங்க."

அழுங்கள், ஸ்பீக்கர்களே! சாயுங்கள், முதுகுநிறம் மாறாத அணிவரிசைகளே! பழைய தட்டில் தேய்த்தழித்தவர்கள் இவர்கள். புதிய தட்டில் துடைத்தழித்தவர்கள் அவர்கள். மழைநாளில் முகமறியாத ஒருவன் கைநழுவவிட்ட அந்தச் சிற்றொலி இனி இந்த வீட்டில் எங்கும் இல்லை. அது கரண்டியுமன்று, சாவியுமன்று, ஒன்றுமன்று. செவிச்செல்வன் கிளட்சின் தோளில் கைவைத்தான். கிளட்ச் அதைத் தட்டிவிடவில்லை.

"கரண்டியாவும் இருந்திருக்கலாம் மச்சான்," என்றான் கிளட்ச், பெருந்தன்மையின் சிகரத்தில் நின்று.

"ஒத்தச் சாவியாவும் இருந்திருக்கலாம்," என்றான் செவிச்செல்வன், அதனினும் உயர்ந்த சிகரத்தில் நின்று. "தனியா இருக்கிற ஆளு."

தீர்ப்பு இல்லையேல் வெற்றி இல்லை. வெற்றி இல்லையேல் அரியணைக்கு அரசனும் இல்லை. பழைய உடன்படிக்கைக்கே திரும்புவதென்று பேசி, இன்று யார் முறை என்பதில் மீண்டும் புருவம் நெரித்து, வாள் உருவும் வேகத்தில் இருவரும் நாற்காலியின் பக்கம் திரும்பினர்.

அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியை இழுத்து அதன்மேல் கால்களை நீட்டி, தலையைச் சாய்த்திருந்தாள். நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் ஒட்டுநாடாக் குறியைவிட்டு வெகுதூரம் விலகியிருந்தன.

"நகந்துடு..." என்று தொடங்கினர் இருவரும்.

"நகரட்டும்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

தூக்க மறந்த ஊசி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்த வீட்டில் ஒருமுறையும் எட்டப்படாத பள்ளங்களுக்குள் அது இறங்கியிருந்தது. சாக்ஸபோன் மெல்ல எழுந்து, பேஸைத் தேடிச் சென்று, இரண்டும் சேர்ந்து மழைக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தன.

"இதுக்கு அப்புறமும் பாட்டு இருக்கா?" என்றாள் அவள். "நல்லாத்தான் இருக்கு. எடுக்காதீங்க."

ஊசியை நோக்கி நீண்ட இரு கரங்களும் நடுவானில் நின்றன, முரசுகள் ஓய்ந்தன, கொடிகள் தாழ்ந்தன, திசையானைகள் காதாட்டலை நிறுத்தின, செவிச்செல்வனும் கிளட்சும், ஒருவரையொருவர் பார்த்து, இடப்பக்க ஸ்பீக்கருக்கு அருகே வெறுந்தரையில், தோளோடு தோள் உரச அமர்ந்தனர்.

அவளுக்குக் கால் வலித்தது.